அண்ணன் வீட்டு ஃபோல்டர்

கிளாடிஸ் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். அதற்கும் ஒரு சட்டதிட்டம் வைத்திருந்தார். வாயால் பேசுவது பேச்சு. போனில் பேசுவதும் பேச்சு. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாலும் அது பேச்சுதான். ஆனால் இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக இருக்கிற ஒரு ஃபோல்டரில் எதையாவது வைத்தால் மட்டும் அது பேச்சாகாது.

"அது சாமான் வெக்கிறது, நவமணி. சாமான் வெக்கிறதும் பேசுறதும் ஒண்ணா?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னோடும் பேச்சு நின்றிருக்கும், அப்புறம் இந்தக் கதையைச் சொல்ல ஆளிருக்காது.

புக்கிட் ரோத்தான் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. வரிசை வீடுகள். ஓரத்து வீடு அட்ரியன் அண்ணனுடையது. அடுத்த வீடு அவருடைய தங்கை கிளாடிஸ் அக்காவுடையது. அதற்கடுத்தது என்னுடையது. நான் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. பெற்றோர்களோடும், மாவட்டக் கல்வி அலுவலகத்தோடும், அடிக்கடி மக்கர் செய்யும் கம்ப்யூட்டர்களோடும் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளாடிஸ் அக்கா தோட்டத்துத் தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அ, ஆ படித்த பிள்ளைகளில் சிலர் இன்று லோரி ஓட்டுகிறார்கள், சிலர் கிள்ளானில் தாதியாக இருக்கிறார்கள், ஒருவர் வழக்கறிஞர். அத்தனை பேரும் அவரைக் கண்டால் முதலில் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு மூக்குத் தொடச்சிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொருத்தருக்கும் தொடைக்கணுமா?" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய முழு அதிகாரமும் கிறிஸ்துமஸ் நாடகத்தின் மேல் திரும்பியது. ஒவ்வொரு வருடமும் தேவாலய மண்டபத்தில் அவர் எழுதி இயக்கும் நாடகம் நடக்கும். ஏரோது ராஜாவாக எப்போதும் நடிப்பவர் வீரன். செம்பனை லோரி ஓட்டுகிறவர், மாரியம்மன் கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவர். அவருக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்டதற்கு, "அந்த மீசை வேற யாருக்கு இருக்கு?" என்று அக்கா வாயை அடைத்துவிட்டார். இப்போது சாப்பாட்டுக் கடையில்கூட வீரனை ராஜா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நாடகத்துக்குப் பாட்டும் பின்னணி இசையும் அட்ரியன் அண்ணன். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பதும் அவர்தான். முன்னறையிலேயே கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் கம்பியால் இணைத்து வைத்துக்கொண்டு, இடுப்பில் சாரோங்கும் மூக்கில் கண்ணாடியுமாக நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார். பாட்டு ஃபைல்கள் பெரிதாக இருக்கின்றன, தம்ப் டிரைவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் நடக்க முடியவில்லை என்று, கம்ப்யூட்டர் கடை சசிகுமாரைக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இணைய லைன் ஒன்றுதான், மோடம் அண்ணன் வீட்டில். சுவரைத் தாண்டி வைஃபை அக்கா வீட்டுக்கும் வரும். அண்ணனின் கம்ப்யூட்டரில் 'நாடகம்' என்று ஒரு ஃபோல்டர். அது அக்காவின் லேப்டாப்பிலும் திறக்கும். இவர் வசனம் வைப்பார், அவர் பாட்டு வைப்பார். சசிகுமார் அதன் பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இந்த வருடத்து நாடகத்துக்கு அக்கா எடுத்துக்கொண்டது இடையர்களின் பெண்சாதிகளை. வானதூதர் வந்து சொன்னதும் இடையர்கள் எல்லாரும் பெத்லகேமுக்கு ஓடிவிட்டார்களே, அப்போது ஆடுகளை யார் பார்த்துக்கொண்டது என்பதுதான் கதை. பெண்கள்தான் பார்த்திருப்பார்கள், வேறு யார் என்பது அக்காவின் கட்சி. எனக்கு இயேசு பிறந்த கதை அவ்வளவாகத் தெரியாது, ஆனால் வீட்டு ஆண்கள் ஒரு நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் மிச்ச வேலை யார் தலையில் விழும் என்பது நன்றாகத் தெரியும். மிக நியாயமான கதையாகப் பட்டது.

அட்ரியன் அண்ணனுக்கு அப்படிப் படவில்லை. ஆகஸ்ட்டில் மண்டபத்தில் வைத்து முதல்முறை வாசித்தபோது, பாட்டுக் குழுவே உட்கார்ந்திருக்க, "பைபிள்ல இல்லாததெல்லாம் எதுக்கு? தாடிகா பிள்ளைங்களுக்கு எழுதுற மாதிரியே எழுது. உனக்கு அதுதான் வரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தாள்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. மனதில் வருவது நேரே வாய்க்கு வந்துவிடும், நடுவில் பிரேக் கிடையாது. சொன்னது தப்பு என்று அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. மீன் கறி வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அவர் மனைவி விவியன் அண்ணி கொடுத்தனுப்பிய மீன் கறியை அக்கா வாங்கிக்கொண்டார், சாப்பிட்டார், சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அண்ணனோடு மட்டும் பேசவில்லை.

நாடகத்தை நிறுத்த முடியாது. ஃபாதர் பலிபீடத்திலிருந்தே அறிவித்துவிட்டார். அதனால் அண்ணனும் தங்கையும் அந்த ஃபோல்டர் வழியாகவே வேலையை நடத்தினார்கள். எழுதித் தனியாக ஃபைல் போடுவதுகூட இல்லை. வெறும் ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, அதன் பெயராகவே சொல்ல வந்ததை வைத்துவிடுவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. அக்கா ஒருநாள் எனக்குக் காட்டினார்.

'இரண்டாம் பாட்டு இழுவையாக இருக்கிறது.' இது அக்கா.

'இழுவை இல்லை அது ராகம்.' இது அண்ணன்.

'ராகம் என்றாலும் இழுவை.' இது மறுபடியும் அக்கா.

ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி போட கம்ப்யூட்டர் விடாது. அதனால் அண்ணன் கேட்கிற கேள்வியெல்லாம் உத்தரவு மாதிரி இருக்கும், அக்காவுக்கு இன்னும் கோபம் வரும். எனக்கோ அதைப் பார்க்கச் சிரிப்பு. இது பேச்சு இல்லை என்றால் வேறு எது பேச்சு? ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில் எழுந்ததும் அக்கா முதலில் திறப்பது அதைத்தான். அண்ணன் திட்டி ஏதாவது வைத்திருந்தால் அன்றைக்கு அவர் முகம் தெளிவாக இருக்கும்.

அக்டோபர் வந்தது. செபமாலை மாதம். அவர்களுடைய அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழுவில், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டில் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் பலகாரமும் டீயும் கொடுப்பார்கள். நான் இந்து என்றாலும் விவியன் அண்ணியின் கறிபஃப்புக்காக அவர்கள் வீட்டு முறை வரும்போது தவறாமல் போய்விடுவேன். பாட்டு நடத்துகிறவர் கிளாடிஸ் அக்கா. அண்ணன் வீடு என்று அவர் வராமல் இருக்க முடியாது. "மாதாவுக்காகப் போறேன், அவருக்காக இல்ல" என்று எனக்கு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டினார்.

லேப்டாப்பையும் எடுத்து வந்திருந்தார். பாட்டு வரிகளை டிவியில் பெரிதாகக் காட்டினால் கண்ணாடி கொண்டுவராதவர்களும் பாடலாம் அல்லவா? பாட்டுக் குழுவில் இருக்கும் நித்தியா என்ற பெண் அதை டிவியோடு இணைத்து, இல்லாத பாட்டுகளை இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

செபம் முடிந்தது. அண்ணன் தானே தட்டில் டீ ஏந்திக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் அவர் டீ ஏந்தி நான் பார்த்ததில்லை. எல்லாரையும் விட்டுவிட்டு முதலில் தங்கை முன்னால் போய் நின்றார். தட்டை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்து, "நேரமாச்சு, நவமணி" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் தட்டோடு அங்கேயே நின்றார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. கறிபஃப் நன்றாக இருந்தது, ஆனாலும் பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை விவியன் அண்ணி ரவாங்குக்குப் போய்விட்டார். மகள் முரியலுக்குப் பிரசவம். அண்ணி திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். அதே காலையில்தான் அக்காவின் லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்கவில்லை.

இதையெல்லாம் அக்கா உடனே என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை காலை, நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒண்ணு பாத்துச் சொல்லு, நவமணி. நீதான் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் பாக்குறியே" என்றார். "அண்ணன் என்னை மூடிட்டாரு."

"மூடிட்டாருன்னா?"

"ஃபோல்டர. டீ குடிக்காம வந்துட்டேன்ல, அதுக்கு. மூடினது நெசம்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லிடு. நெசம்னா நான் ஃபாதர்கிட்ட போய் இந்த வருசம் நாடகம் இல்லன்னு சொல்லிடுறேன்."

நான் கையைக் கழுவிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் லேப்டாப் திறந்தே இருந்தது. அந்த ஃபோல்டரைத் தட்டினால், இதைத் திறக்க முடியவில்லை, ஒருவேளை இதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், நிர்வாகியைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. பள்ளி அலுவலகத்தில் இந்தப் பெட்டியை நான் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பிரிண்டர் கம்பி கழன்றாலும் இதே பாட்டைத்தான் பாடும். ஆனால் அக்கா அதை அண்ணனே எழுதிய மாதிரி படித்திருந்தார்.

"அனுமதி இல்லன்னு போட்டிருக்காரு பாரு. கூடப் பொறந்தவளுக்கு."

"அது அவர் போட்டதில்லக்கா. கம்ப்யூட்டரே போடும்."

"வாட்ஸ்அப் வருது. யூடியூப் வருது. பூசை லைவ் வருது. எல்லாம் நல்லாத்தான் வருது. அவரு ஃபோல்டர் மட்டும் வரல. அப்படின்னா கோளாறு லைன்லயா இருக்கு?"

உண்மையிலேயே எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் அண்ணன் வீடு.

"மொதல்ல நாலாவது பாட்ட வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. சுவத்துல கேக்கும். இப்ப ஒரு வாரமா கீபோர்டு சத்தமே இல்ல. விட்டுட்டாரு போல. நாடகத்த விட்டாப் பரவால்ல." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன், நவமணி."

கிளாடிஸ் அக்கா அழுது நான் அன்றுதான் பார்த்தேன். தாடிகா ஆசிரியைகள் அழுவார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. மனது தாங்கவில்லை. இரண்டில் ஒன்று பார்க்காமல் விடுவதில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் அடம்பிடித்தாலும் முதலில் அணைத்துவிட்டுப் போடுவோம். அதைச் செய்தேன். அதே பெட்டி வந்தது. அப்படியென்றால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். "நான் போய் அண்ணன் கம்ப்யூட்டர் ஓடுதான்னு பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

"நான் அனுப்பினேன்னு சொல்லாத."

அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீபோர்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. மேசையில் பிஸ்கட் பொட்டலம். விவியன் அண்ணி போனதிலிருந்து மனிதர் எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார் என்பது தெரிந்தது.

"அவ அனுப்பினாளா?" என்று கேட்டார்.

"இல்ல. நானா வந்தேன். அந்த ஃபோல்டர நீங்க மூடினீங்களாண்ணே?"

"நானா?" அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவதான் என்னை வேணான்னு விட்டுட்டா. நாலாவது பாட்ட வெச்சு எத்தன நாளாச்சு. கேட்டேன்னு ஒரு வார்த்தை உண்டா? டீயும் குடிக்கல, பாட்டும் கேக்கல. நான் வேற என்னதான் செய்யிறது, சொல்லு லா."

அந்த ஃபோல்டருக்கு யார் யாருக்கு அனுமதி என்று பார்க்கும் இடம் எனக்குத் தெரியும். திறந்தேன். அட்ரியன், அதற்குக் கீழே கிளாடிஸ். படிக்கலாம், எழுதலாம், எல்லாம் செய்யலாம்.

"பாத்தியா? அவ பேரு எங்கியும் போகல. நான் எதுக்கு எடுக்கப் போறேன்?"

நான் போனில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் வேகமாக நடந்தேன், என் முழங்காலுக்கு அதுதான் ஓட்டம். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இப்பத்தான் போட்டிருப்பாரு. நீ வர்றத ஜன்னல்ல பாத்திருப்பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு வயதானவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைக்கவா முடியும்? அண்ணனிடம் போய்க் கடவுச்சொல் கேட்டேன், கொடுத்தார். அதை அக்கா லேப்டாப்பில் போடலாம் என்றால், கடவுச்சொல் கேட்கிற இடத்துக்கே அது வர மறுத்தது. கதவு பூட்டியிருந்தால் சாவி போடலாம், வீடே கண்ணில் படவில்லை என்றால் சாவியை எங்கே போடுவது? அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இது அனுமதிக் கோளாறே இல்லை. இந்த லேப்டாப்புக்கு அண்ணன் கம்ப்யூட்டர் இருக்கும் இடமே தெரியவில்லை.

பள்ளிக்கு வரும் டெக்னீஷியன் முதலில் இரண்டு கம்ப்யூட்டரின் நம்பரையும் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் வீட்டு முகவரி மாதிரி ஒரு நம்பர் உண்டு. ஒரே வீட்டு லைனில் இருந்தால் கடைசியில் மட்டும்தான் மாறும், முன்பாதி ஒன்றாக இருக்கும். மூன்றாம் முறையாக அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அக்காவின் லேப்டாப்பில் நம்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், முன்பாதியே வேறாக இருந்தது. ஒரே ஜாலானில், ஒரே தெருவில், இருக்க வேண்டிய இரண்டு வீட்டில் ஒன்று வேறு தாமானில் இருந்தது.

"அக்கா, நீங்க எந்த வைஃபையில இருக்கீங்க?"

"இது என்ன கேள்வி? அண்ணன் வீட்டு வைஃபைதான். வேற எது இருக்கு?"

திரையின் மூலையைத் தட்டினேன். அங்கே இரண்டு பெயர் இருந்தன. ஒன்று மோடத்தோடு வந்த எழுத்தும் நம்பருமான பழைய பெயர். இன்னொன்று 'அன்பியம்' என்று ஆங்கில எழுத்தில். லேப்டாப் இரண்டாவதில் இருந்தது.

"இது எப்ப வந்தது?"

"அது செபமாலை அன்னிக்கு. அண்ணி சுவத்துல எழுதி ஒட்டியிருந்தாங்க. நித்தியா அதுலதான் போட்டுக் குடுத்தா. பேரும் நல்லாயிருந்துச்சு, வேகமாவும் இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டேன். செபமாலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் வைஃபை கேட்பார்கள், மோடத்துப் பாஸ்வேர்டோ அரைப் பக்கத்துக்கு இருக்கும், அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று விவியன் அண்ணி விருந்தாளிகளுக்காகத் தனியாக ஒரு வைஃபையைத் திறந்து வைத்திருக்கிறார். விருந்தாளி வைஃபையில் இணையம் கிடைக்கும், மற்றபடி வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டரும் கண்ணுக்குத் தெரியாது. முன்னறையில் உட்கார வைத்துப் பலகாரம் கொடுப்போம், யாரையும் அலமாரியைத் திறந்து பார்க்க விடுவோமா? அதுபோலத்தான். அக்காவின் லேப்டாப் ஏற்கெனவே அந்த வீட்டு லைனில்தான் இருக்கிறது என்று தெரியாமல், நித்தியா எல்லாருடைய போனையும் சேர்த்த மாதிரி அதையும் விருந்தாளியோடு சேர்த்துவிட்டாள். அண்ணி மறுநாள் ரவாங்குக்குப் போன அவசரத்தில் அதை மூட மறந்துவிட்டார். அன்றிலிருந்து லேப்டாப் இங்கேயே இருந்துகொண்டு விருந்தாளி மாதிரி முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் அக்காவுக்கு இரண்டு முறை விளக்கினேன். முதல் முறை நம்பவில்லை. இரண்டாம் முறை, "அப்ப அவரு மூடல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மூடல. யாருமே மூடல. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத்தான் மூடி வெச்சிருக்கீங்க" என்றேன். எனக்குப் பொறுமை குறைவு என்று முன்பே சொன்னேன் அல்லவா?

பழைய பெயரைத் தட்டினேன். பாஸ்வேர்டு லேப்டாப்பிலேயே இருந்ததால் உடனே சேர்ந்துகொண்டது. பிறகு ஃபோல்டரைத் தட்டினேன். எந்தப் பெட்டியும் வரவில்லை. அக்கா எழுதிய வசனம், அண்ணன் வைத்த பாட்டுகள் எல்லாம் வந்து வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே அக்கா இதுவரை பார்த்திராத ஃபோல்டர்கள் இருந்தன. தேதிப்படி அடுக்கினேன்.

'நாலாம் பாட்டு வைத்திருக்கிறேன்.'

'கேட்டாயா.'

'பிடிக்கவில்லையா.'

'வேறு மாதிரி வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்.'

'உடம்புக்கு ஒன்றும் இல்லையே.'

அக்கா ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் படித்தார், உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் கீழே, 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று. பிறகு அதே பெயரில் இரண்டு என்று நம்பர் போட்டு ஒன்று, மூன்று என்று ஒன்று. இப்படியே கீழே இறங்கிக்கொண்டே போயின. நாளுக்கு ஒன்று, சில நாளில் இரண்டு.

"இதெல்லாம் என்ன?" என்றார். ஒன்றைத் திறந்தார். காலி. அடுத்ததைத் திறந்தார். அதுவும் காலி. எல்லாவற்றையும் விடாமல் திறந்து பார்த்தார்.

"ஃபோல்டர் போட்டா கம்ப்யூட்டர் மொதல்ல இந்தப் பேரத்தான் குடுக்கும்க்கா. நாமதான் மாத்தணும். என்ன பேரு வெக்கிறதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டா, இப்படியே நின்னுடும்" என்றேன்.

அக்கா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தினம் வந்து உட்கார்ந்து, ஒன்றைத் திறந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்து போயிருக்கிறார் அந்த மனிதர். கீபோர்டு சத்தம் நின்றுபோன நாட்கள்தான் அவை.

அக்கா எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்கட்டுக்குப் போய்க் கதவையும் இரும்புக் கம்பிக் கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, பள்ளி வேனையே நிறுத்தும் அந்தக் குரலில், "அண்ணே" என்று கூப்பிட்டார்.

அந்தப் பக்கத்தில் நாற்காலி ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. பின்சந்து வழியாக அட்ரியன் அண்ணன் வந்தார். ஒரு காலில் செருப்பு, மற்றதில் இல்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"அந்தக் காலி ஃபோல்டரெல்லாம் என்ன?" என்றார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தேன்.

"எழுதலாம்னுதான் போட்டேன். வரல."

"என்ன எழுத வரல?"

"அன்னிக்கு அத்தன பேரு முன்னால உன்ன அப்படிச் சொன்னது தப்பு. கதை நல்ல கதைதான். நாலாவது பாட்டு அந்தப் பொம்பளைங்க ஆடு மேய்க்கிற எடத்துக்குத்தான் போட்டேன். அதைத்தான் எழுதணும்னு நெனச்சேன். வரல."

அந்த வீட்டில் மன்னிப்பு என்று ஒன்றை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மீன் கறி இல்லாமலேயே வந்துவிட்டது.

"எழுத வரலன்னா நேர்ல வந்து சொல்ல வேண்டியதுதானே? ஒரு சுவருதானே நடுவுல?"

"நீ தொறக்க மாட்டேன்னு நெனச்சேன்மா."

"தட்டிப் பாத்தீங்களா?"

அண்ணன் விரலை மடக்கி, விரியத் திறந்து கிடந்த அந்தக் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

"யாரு?" என்றார் அக்கா, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணன்."

அக்கா ஒதுங்கி வழி விட்டார்.